ஐந்து நிமிடம் ஓடிய தண்ணீர்

மச்சாளுக்குத் தண்ணீரைக் கண்டால் பயம் என்றுதான் அந்த நாட்களில் எங்கள் குடும்பம் முழுவதும் நம்பியிருந்தது. யாரும் அதை ஒரு குறையாகச் சொன்னதில்லை. மட்டக்களப்பில் போர் மூண்டிருந்த காலத்தில், ஒரு பாடசாலைக் கட்டடத்துக்குள் இடம்பெயர்ந்த சனங்களோடு அவர் சில மாதங்கள் இருந்தார். அங்கிருந்த ஒரே கிணறு கெட்டு, வயிற்றோட்டம் பரவி, குழந்தைகள் செத்துப்போனார்கள். அதைக் கண்ணால் கண்டவர் எப்படி ஒரு கிளாஸ் தண்ணீரை நிம்மதியாகக் குடிப்பார் என்பது குடும்பத்தின் விளக்கம். இரக்கமான விளக்கம். அதற்குமேல் எதையும் கேட்கத் தேவையில்லாமல் செய்துவிட்ட விளக்கமுங்கூட. அவர் சமையலறைக் குழாயைத் திறந்துவிட்டு, தண்ணீர் வீணாக ஓட ஓட, அதன் முன்னால் கைகட்டி நிற்கும்போது என் கணவர் குரலைத் தாழ்த்திச் சொல்வார்: "அக்காவை விடும். அவ கண்டது அப்பிடி."

அவர் என் கணவரின் ஒரே அக்கா. பெயரைச் சொல்லப்போவதில்லை. தன் பெயர் எங்கும் முழுதாக எழுதப்படுவதை அவர் விரும்பியதில்லை. மாதிரிப் போத்தல்களில் ஒட்டும் சிறு தாளில் இரண்டு முதலெழுத்துகளோடு நிறுத்திக்கொள்வார். அதுவே அவருக்குப் போதுமாக இருந்தது. கணவனை இழந்தவர், பிள்ளைகள் இல்லாதவர். இரண்டாயிரமாம் ஆண்டுகளின் நடுப்பகுதியில், மொன்றியலில் நாங்கள் வாங்கிய சிறிய பழைய வீட்டின் பேஸ்மன்டில், நிலத்துக்குக் கீழே இருந்த ஒற்றை அறையில் குடியிருந்தார். இரண்டாம் உலகப் போர் முடிந்து திரும்பிய சிப்பாய்களுக்காக வரிசையாகக் கட்டப்பட்ட வீடுகளில் ஒன்று அது. அவருடைய அறைக்கு நிலமட்டத்தில் ஒரு சன்னல் இருந்தது. டிசம்பரில் பனி வந்து அதை மூடினால் ஏப்ரலில்தான் திறக்கும். இடையில் அந்த அறைக்குள் வரும் வெளிச்சம் பாலைத் தண்ணீரில் கரைத்ததுபோல இருக்கும்.

ஊரில் இரசாயனம் படித்தவர். இங்கே வந்து பிரெஞ்சு கற்று, மறுபடியும் இளைஞர்களோடு வகுப்பு வாங்கில் இருந்து படித்து, ஒரு தனியார் ஆய்வுக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்திருந்தார். காலையில் குளிர்ப்பெட்டிகளை வான் வண்டியில் ஏற்றிக்கொண்டு பாடசாலைகளுக்கும் முதியோர் இல்லங்களுக்கும் வீடுகளுக்கும் போய்க் குழாய்த் தண்ணீரில் மாதிரி எடுப்பார். கிருமி பார்க்கும் போத்தல் வேறு, உலோகம் பார்க்கும் போத்தல் வேறு. கிருமிப் போத்தலின் அடியில் ஒரு சிட்டிகை வெண்பொடி இருக்கும். தண்ணீரில் உள்ள குளோரினை அது அடக்கிவிடும். அடக்காவிட்டால் ஆய்வுக்கூடம் போகிற வழியிலேயே குளோரின் கிருமியைக் கொன்றுபோடும்; கெட்ட தண்ணீரும் நல்ல பெயர் வாங்கிவிடும். மூடியின் உட்புறத்தில் விரல் படக்கூடாது. குழாய் நுனியில் உள்ள சல்லடையைக் கழற்ற வேண்டும். எல்லாவற்றுக்கும் முன்னதாக, குளிர்ந்த பக்கத்துக் குழாயைத் திறந்து ஐந்து நிமிடம் ஓடவிட வேண்டும். அதன் பிறகுதான் போத்தலை நீட்டலாம். அந்நாளைய விதி அது. தெருக் குழாயில் வருகிற தண்ணீர் எப்படியிருக்கிறது என்பதை அறிவதற்கு அது நல்ல வழி.

இவற்றையெல்லாம் அவர் எனக்கு ஒரே நாளில் சொல்லவில்லை. அவர் அதிகம் பேசுகிறவர் அல்லர். பேசினாலும், அளந்து கண்டதற்கு மேல் ஒரு சொல்லும் வராது. நான் கறியை இறக்கிவைத்து, "உப்புச் சரியோ மச்சாள்?" என்று கேட்டால், "எனக்குச் சரி" என்பார். நாளைக்குப் பனி கொட்டுமா என்று கேட்டால், "கொட்டும் எண்டு ரேடியோ சொல்லுது" என்பார். மொன்றியலின் மேற்கே டொலார்ட் பக்கம் இருந்த கோவிலுக்கு ஒருமுறை எல்லோருமாகப் போயிருந்தோம். தீர்த்தம் வாங்க வரிசையில் நின்றபோது என் கணவரின் ஒன்றுவிட்ட அண்ணர் ஒருவர் பின்னாலிருந்து சீண்டினார்.

"என்ன தங்கச்சி, தீர்த்தத்துக்கும் போத்தல் கொண்டந்தனீங்களோ?"

"கேட்டாச் சோதிப்பன் அண்ணை," என்றார் மச்சாள். "கேக்காட்டிக் குடிப்பன்."

சொன்னபடியே உள்ளங்கையில் வாங்கிக் குடித்து, மிச்சத்தைத் தலையில் தடவிக்கொண்டார். வரிசை முழுதும் சிரித்தது. அவர் சிரிக்கவில்லை, ஆனால் அவருக்கும் அது பிடித்திருந்தது என்பது அவருடைய காதோரத்தில் தெரிந்தது.

அந்தச் சுபாவத்தின் மறுபக்கத்தை என் பிரசவ அறையில் கண்டேன். என் கணவர் டவுன்டவுனில் ஓர் உணவகச் சமையலறையில் மாலை வேலை செய்தார். அவர் வந்து சேரும்வரை மச்சாள்தான் என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். வலி தாங்க முடியாத ஒரு நேரத்தில், "ஒண்டும் ஆகாதுதானே மச்சாள்?" என்று கேட்டேன். அந்த இடத்தில் இருந்த எவரும் 'ஆகாது' என்றுதான் சொல்லியிருப்பார்கள். அவர் பொறுமையாக, "உம்மட இதயமும் பிள்ளையின்ர இதயமும் ஒழுங்கா அடிக்குதெண்டு டாக்குத்தர் சொன்னவ," என்றார். சற்று நிறுத்தி, "அது இப்ப," என்றும் சேர்த்துக்கொண்டார். எனக்கு வந்த கோபம் இப்போதும் நினைவிருக்கிறது. ஆனால் அந்தக் கையை விடவில்லை. இன்னும் இறுக்கிப் பிடித்தேன். பொய் சொல்லாத கை என்று உடம்புக்குத் தெரிந்திருந்ததோ என்னவோ.

மகள் பிறந்தாள். எனக்குப் பால் சீக்கிரமே வற்றிவிட்டது. புட்டிப்பால்தான் என்று ஆனதும், அந்தப் பாலுக்கு வேண்டிய தண்ணீரின் பொறுப்பை எங்களோடு இருந்த என் மாமனார் யாரையும் கேட்காமல் தன் கையில் எடுத்துக்கொண்டார்.

மாமா மட்டக்களப்பில் பொதுச் சுகாதாரப் பரிசோதகராக இருந்தவர். ஊரில் அவரை எல்லோரும் 'பீ.எச்.ஐ. ஐயா' என்பார்கள்; மொன்றியலிலும் ஊர்க்காரர் அப்படித்தான் அழைத்தார்கள். வெள்ளக் காலங்களில் சைக்கிளில் குளோரின் தூளைக் கட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போய்க் கிணறுகளில் போட்டவர். கொதித்தாறிய தண்ணீரைத்தான் குடிக்க வேண்டும் என்று வாசல் வாசலாகச் சொல்லித் தொண்டை கட்டியவர். அதனால் உயிர் தப்பிய பிள்ளைகள் எத்தனையோ பேர் இன்று பெரியவர்களாக உலகம் முழுவதும் இருக்கிறார்கள். இங்கே அவருக்கு மொழி இல்லை, உத்தியோகம் இல்லை, பனியில் நடக்க முழங்கால் இல்லை. பேத்திக்குத் தண்ணீர் காய்ச்சுவது ஒன்றுதான் அவரை மறுபடியும் பீ.எச்.ஐ. ஐயா ஆக்கியது.

வீட்டில் முதலில் எழுகிறவர் அவர்தான். சீக்கிரம் கொதிக்கட்டும் என்று சுடுதண்ணீர்க் குழாயிலிருந்து இனாமல் பானை நிறையப் பிடிப்பார். அடுப்பில் வைத்துக் கொதி வந்த பிறகும் இறக்கமாட்டார். "நல்லா வத்தக் காய்ச்ச வேணும் மகள். அப்பதான் பயமில்லை" என்பார் என்னிடம். வற்றியதைப் பிளாஸ்க்கில் ஊற்றி, வெள்ளைத் துணியால் அதன் கழுத்தைத் துடைத்து, என் கையில் தருவார். மிஞ்சியதை ஊற்றிவிடாமல் மாலையில் இன்னொரு முறை காய்ச்சுவார். ஒரு பூசையைப் பார்ப்பதுபோல நான் அதைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

மச்சாள் மட்டும் இரண்டொரு முறை சொன்னார்.

"அப்பா, முதல் கொஞ்சம் ஓடவிட்டுப் பிடியுங்கோ. பச்சைத்தண்ணிப் பக்கம் பிடியுங்கோ."

"ஏன்?"

"என்ர வேலையில அப்பிடித்தான்."

"என்ர வேலையில கொதிக்க வைச்சாக் காணும் எண்டுதான். மறுகா எதுக்கு ஓடவிடுற? நீ தண்ணியக் கண்டு பயந்தா, நானும் பயப்படோணுமோ புள்ள?"

மச்சாள் தன் கிளாஸை எடுத்துக்கொண்டு கீழே போனார். அப்பாவுடைய பானையில் கெடுதல் இருக்கிறது என்று அவர் அளந்து கண்டிருக்கவில்லை. அளக்காததை அவர் சொல்லமாட்டார்.

அந்தக் கார்த்திகையில் ஒரு நாள் வேலையால் வந்தவர் கோட்டைக்கூடக் கழற்றாமல் சமையலறைக் கதிரையில் இருந்தார். முகம் வெளிறியிருந்தது. தேநீர் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் இருந்தேன். பாதிக் கோப்பை குடித்துவிட்டுச் சொன்னார். ஒரு பழைய வீட்டில் மாதிரி எடுக்கப் போயிருக்கிறார். ஹெயிட்டியிலிருந்து வந்த இளம் தாய் ஒருத்தி, இடுப்பில் குழந்தை. மச்சாள் குழாயைத் திறந்து ஓடவிட்டு நின்றபோது அந்தப் பெண் பின்னால் நின்று சிரித்தாளாம். 'மடாம், நான் காலையிலேயே பால் கரைத்துவிட்டேன், குழாய் உங்களுக்குத்தான், ஆறுதலாக எடுங்கள்' என்றாளாம். மச்சாள் ஐந்து நிமிடம் காத்திருந்து, போத்தலை நிரப்பி, மூடினார். 'நல்லதா?' என்று அவள் கேட்டாள். 'முடிவு ஆய்வுக்கூடத்திலிருந்து வரும்' என்று இவர் சொன்னார். அபிப்பிராயம் சொல்வது மாதிரி எடுப்பவரின் வேலை அல்ல. அப்படித்தான் அவர்களுக்குக் கற்பித்திருந்தார்கள்.

"நான் எடுத்தது ஓடின தண்ணி," என்றார் மச்சாள். "அந்தப் பிள்ளை குடிச்சது விடியவெள்ளண முதல் வந்த தண்ணி. இரவு முழுக்கக் குழாய்க்குள்ள நிண்டது. ரெண்டும் ஒண்டில்லை. அதை அவவுக்குச் சொல்ல எனக்கு உரிமை இல்லை."

"அப்ப என்ன செய்தனீங்கள்?"

"நான் எப்பவும் ஒண்டு சொல்லுறனான். 'என்ர வீட்டில நான் இப்பிடி ஓடவிட்டுத்தான் குடிக்கப் பிடிக்கிறனான், மடாம்' எண்டு. அது அபிப்பிராயம் இல்லை. என்ர பழக்கத்தைச் சொல்லுறதுதானே."

நான் கோப்பையை எடுத்து ஓரமாக வைத்தேன்.

"அதுக்காகவோ இஞ்சையும் ஓடவிட்டு நிக்கிறீங்கள்?"

"ஓம். செய்யாமல் சொன்னா அது பொய்."

பல மாதங்களாக நாங்கள் பயம் என்று நினைத்தது அதுதான். ஊர் பேர் தெரியாத தாய்மாருக்குத் தான் சொல்லும் ஒற்றை வாக்கியம் பொய்யாகிவிடக்கூடாது என்பதற்காக, ஒரு பெண் தன் வீட்டுக் குழாயின் முன் தினமும் நின்றிருக்கிறார். அன்றிரவு என் கணவரிடம் சொன்னேன். அவர் நம்பமுடியாமல் சிரித்தார். "இதுக்குப் பயமே பரவாயில்லைப் போல," என்றார். பிறகு சிரிக்காமல் மகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சில பழைய வீடுகளுக்கு ஈயக் குழாய் வழியாகத் தண்ணீர் வருகிறது, அந்த ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும் என்ற பேச்சு அந்த ஆண்டுகளில்தான் எழுந்தது. எங்கள் தெருவிலும் மாதிரி எடுக்க வந்தார்கள். மச்சாளின் ஆய்வுக்கூடத்துக்குத்தான் அந்த வேலை. ஆனால் சொந்த வீடு என்பதால் அவர் எடுக்கவில்லை. அவருடன் வேலை செய்த ஓர் இளைஞன் வந்தான். அந்த நேரம் முழுவதும் அவர் கீழே தன் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு இருந்தார். மாமாவுக்கோ அன்று திருவிழா. தனக்குத் தெரிந்த பிரெஞ்சு முழுவதையும், அதாவது 'பொன்ஜூர்' 'மெர்சி' இரண்டையும், அவனிடம் செலவழித்தார், தேநீர் கொடுத்தார், பின்னால் கைகட்டி நின்று மேற்பார்வை செய்தார். அவன் ஐந்து நிமிடம் குழாயை ஓடவிட்டபோது மட்டும் என் பக்கம் திரும்பி முணுமுணுத்தார்: "இவனும் நம்மட ஆளைப் போலத்தான்."

முடிவு வந்தது. நான் வாசித்துச் சொன்னேன்: ஈயத்தின் அளவு வரம்புக்குள். மாமா படிக்கட்டின் தலையில் நின்று கீழே பார்த்துக் கூவினார்.

"புள்ள! வரம்புக்குள்ள எண்டு வந்திரிக்கி! கேட்டியோ?"

மச்சாள் மேலே வந்தார். "எவ்வளவு எண்டிருக்கு?"

மாமா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இலக்கத்தை வாசித்தார். மச்சாள் இன்னொரு முறை வாசிக்கச் சொன்னார். பிறகு கீழே இறங்கிப் போனார். சிறிது நேரத்தில் கட்டிலை இழுக்கும் சத்தமும் பலகை பெயரும் சத்தமும் கேட்டன. நான் மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு இறங்கிப் போனேன்.

அவருடைய தலைமாட்டுச் சுவரில், முன்னைய சொந்தக்காரர் அடித்து மறைத்திருந்த பலகை கழன்று கிடந்தது. அதன் பின்னால் சீமெந்துத் தரையிலிருந்து சாம்பல் நிறமான ஒரு குழாய் எழுந்து, வால்வுக்குக் கீழே சிறு வெங்காயம்போல வீங்கி, மேலே போனது. மச்சாள் என் கையில் ஒரு நாணயத்தைத் தந்தார்.

"சுரண்டிப் பாரும்."

சுரண்டினேன். மெழுகைப்போல இளகிக் கொடுத்தது. கோடு விழுந்த இடம் புது வெள்ளிபோல மின்னியது. மகள் அதைப் பிடிக்கக் கையை நீட்டினாள். நான் பின்வாங்கினேன்.

"ஈயம்," என்றார்.

"வரம்புக்குள்ள எண்டுதானே வந்தது?"

"ஓடின தண்ணி வரம்புக்குள்ள. ஆனா ஓடின தண்ணியிலயே கொஞ்சம் இருக்கு. அதுதான் பலகையைக் கழட்டிப் பாத்தனான்." குழாயில் கையை வைத்துக்கொண்டார். "பிள்ளை குடிக்கிறது இதுக்குள்ள விடியும்வரை நிக்கிற தண்ணி. அதுவும் சுடுதண்ணிப் பக்கம். அதுவும் வத்தக் காய்ச்சினது. கொதிக்க வைச்சா கிருமி சாகும். ஈயம் சாகாது. தண்ணி மட்டும் ஆவியாப் போகும், அது போகாது."

"எவ்வளவு குடிச்சிருப்பாள் மச்சாள்?"

"தெரியாது. அளக்கேல்லை."

அளந்த பிறகு அப்பாவிடம் தானே சொல்வதாகவும், அதுவரை சொல்ல வேண்டாம் என்றும் கேட்டுக்கொண்டார். அடுத்த ஞாயிறு விடிவதற்குள், மாமா எழுமுன், யாரும் எந்தக் குழாயையும் திறக்குமுன், மேலே வந்து முதல் தண்ணீரில் ஒரு போத்தல் நிரப்பினார். மாமா காய்ச்சி முடித்த பிறகு பிளாஸ்க்கிலிருந்து இன்னொன்று. தன் சொந்தக் கணக்கில், வெளியாள் ஒருவர் கொடுப்பதுபோல, ஆய்வுக்கூடத்தில் கொடுத்தார்.

முடிவுக்காகக் காத்திருந்த அந்த நாட்களைப்போல இறுக்கமான நாட்களை நான் அதற்கு முன் வாழ்ந்ததில்லை. வெளியே முழங்காலளவு பனி. உள்ளே, ஒவ்வொரு காலையும் மாமா துடைத்த பிளாஸ்க்கைச் சிரித்தபடி என்னிடம் நீட்டுவார். நானும் சிரித்தபடி வாங்குவேன். அவர் முன்னறைக்குப் போனதும், அதைச் சத்தம் வராமல் கழுவுதொட்டியில் சாய்த்துவிட்டு, தெருமுனை டெப்பனர் கடையில் வாங்கி அலுமாரியின் பின்னால் ஒளித்துவைத்திருந்த போத்தல் தண்ணீரில் பால் கரைப்பேன். அவர் திரும்பி வந்து, பேத்தி குடிப்பதைப் பார்த்துக்கொண்டு நிற்பார். "என்ர தண்ணியெண்டா ராசாத்தி மிச்சம் வைக்காள்" என்பார். நான் தலையாட்டுவேன்.

முதல் தண்ணீர் வரம்புக்கு மேலே இருந்தது. காய்ச்சியது அதற்கும் மேலே.

மச்சாள் அப்பாவின் கையைப் பிடித்து ஒவ்வொரு படியாகக் கீழே இறக்கிக்கொண்டு போனார். நான் படிக்கட்டின் தலையில் மகளோடு நின்றேன். அவர்களுடைய முதுகுகளும் அந்தச் சாம்பல் குழாயும் தெரிந்தன. மச்சாள் இரண்டு அளவுகளையும் சொன்னார், குரல் ஏறாமல் இறங்காமல். மாமா குனிந்து குழாயை விரல்நகத்தால் சுரண்டினார். மின்னிய கோட்டை வெகுநேரம் பார்த்தார். விளக்கம் எதுவும் அவருக்குத் தேவைப்படவில்லை. அவரும் இந்தத் தொழிலில் இருந்தவர்தானே.

"காய்ச்சக் காய்ச்ச வத்தும்," என்றார் மெதுவாக. "வத்த வத்த இது மிஞ்சும். உப்பளத்தில உப்பு மிஞ்சுற மாதிரி. என்ன?"

"ஓம் அப்பா."

"நான் ரெண்டாம் முறையும் காய்ச்சினன்."

"ஓம்."

"வேற ஆர் குடுத்திருந்தாலும் பரவாயில்ல. என்ர கையாலயே குடுத்திட்டன்." சுவரைப் பிடித்துக்கொண்டார். "புள்ள, சொல்லு. அந்தப் பச்சை மண்ணுக்கு நான் என்ன செய்து போட்டன்?"

'தெரியாது' என்ற சொல்லுக்காகக் காத்திருந்தேன். மச்சாளிடமிருந்து வேறெந்தச் சொல்லும் வந்து நான் கேட்டதில்லை.

"நீங்க ஒண்டும் செய்யேல்லை அப்பா," என்றார் மச்சாள். "பிள்ளைக்கு ஒண்டும் வராது."

மாமா அவருடைய முகத்தைப் பார்த்தார். தன் மகள் அளக்காததைச் சொல்லாதவள் என்பது அவருக்கும் தெரியும். அதனால்தான் அவர் அதை நம்பினார். தோள்கள் இறங்கின. "அப்பிடியெண்டாச் சரி," என்றார். என் மகளின் இரத்தத்தை அதுவரை யாரும் சோதிக்கவில்லை. அதற்கு நாள் குறித்திருந்ததே அடுத்த வாரம்தான்.

சோதித்தார்கள். இரத்தத்தில் ஈயம் இருந்தது. பயப்படும் அளவில் இல்லை, இல்லவே இல்லை என்று சொல்லும் அளவிலும் இல்லை. வரும் வழியை அடைத்தால் இறங்கும், வளர்ச்சியைக் கவனித்துக்கொள்ளுங்கள் என்றார் வைத்தியர். வரும் வழியை அடைக்க வசந்தம் வரை பொறுக்க வேண்டியிருந்தது. மண் உறைந்து கல்லாகிக் கிடந்தது; தோண்ட முடியாது. வீதியில் பாதிக் குழாய் நகரத்துக்குரியது, முற்றத்தில் பாதி எங்களுடையது. ஒரு பாதியை மட்டும் வெட்டி மாற்றினால் மறுபாதி கலங்கிச் சில காலம் இன்னும் மோசமாகும் என்று மச்சாள் சொன்னார். ஆகவே இரண்டுக்கும் ஒரே வேளை வரும்வரை, என்னவென்று தெரிந்துகொண்ட ஒரு பொருளை வீட்டின் நடுவில் வைத்துக்கொண்டு, அந்தக் குளிர்காலம் முழுவதும் போத்தல்களோடும் வடிகட்டிக் குவளையோடும் இருந்தோம்.

மச்சாள் பலகையைத் திரும்ப அடிக்கவில்லை. கட்டிலை மட்டும் பழைய இடத்துக்குத் தள்ளிக்கொண்டார். தலைமாட்டில் அந்தக் குழாய் சுரண்டல் கோடுகளோடு நின்றது; சன்னலில் பனி.

"மேல வந்து படுங்கோ மச்சாள். இதுக்குப் பக்கத்தில எப்பிடி நித்திரை வரும்?"

"குடிச்சாத்தான் பிழை. பக்கத்தில படுத்தா ஒண்டுமில்லை," என்றார். "அது அளந்த விசயம்."

மாமா இனாமல் பானையைக் கழுவிக் கவிழ்த்துவைத்தார். அதன்பின் அதை எடுக்கவில்லை. டொலார்டில் உறவினர் வீடொன்றில், புதிதாகப் பிள்ளை பெற்ற பெண் ஒருத்தி, "பீ.எச்.ஐ. ஐயா, தண்ணி எவ்வளவு நேரம் கொதிக்க வைக்கிறது?" என்று கேட்டாள். ஒரு காலத்தில் அந்தக் கேள்விக்கு ஒரு மணிநேரம் பதில் சொல்லக்கூடியவர். "மகளைக் கேளுங்க," என்றார். பிறகு கோப்பையைக் கீழே வைத்துவிட்டுத் தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மே மாதத்தில் முற்றத்தைத் தோண்டினார்கள். வெட்டியெடுத்த ஈயக் குழாய் பாம்புச் சட்டைபோலப் புல்லில் கிடக்க, சிவந்த செம்புக் குழாய் மண்ணுக்குள் இறங்கியது. முன்படியில் மச்சாளும் நானும் இருந்து பார்த்தோம். அதுவரை கேட்க முடியாமல் வைத்திருந்ததை அன்று கேட்டேன்.

"அண்டைக்கு மாமாவுக்குச் சொன்னீங்களே, பிள்ளைக்கு ஒண்டும் வராதெண்டு. அது தெரிஞ்சோ சொன்னனீங்கள்?"

"இல்லை."

"எனக்கு ஒருநாளும் நீங்கள் அப்பிடிச் சொன்னதில்லை. பிள்ளை பெறேக்கையும் சொல்லேல்லை."

அவர் தோண்டுகிறவர்களைப் பார்த்தபடியே இருந்தார். "உமக்கு உண்மை வேணும், நீர் பிள்ளையைப் பாக்கவேணும்," என்றார். "அப்பா உயிரோட இருக்கவேணும்."

அதற்குமேல் அதைப் பற்றி நாங்கள் பேசியதில்லை. ஆனால் அதன் பிறகு அவர் குழாயின் முன் நிற்கும்போது என்னால் பழையபடி பார்க்க முடியவில்லை. வாழ்நாளில் ஒரேயொரு வாக்கியத்தை அவர் அளக்காமல் சொன்னார். அதன்பின் அந்த வாக்கியத்துக்குள்ளேயே அவர் குடியிருக்க நேர்ந்தது. மகள் பேசப் பிந்தினாள். வீட்டில் தமிழ், கார்தெரி என்ற பிள்ளைகள் காப்பகத்தில் பிரெஞ்சு, தொலைக்காட்சியில் ஆங்கிலம். மூன்று மொழிக்கு நடுவில் பிள்ளைகள் பிந்துவது வழக்கம்தான் என்று எல்லோரும் சொன்னார்கள். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. பகலில். பிந்திய ஒவ்வொரு சொல்லையும் மச்சாளும் நானும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் கேட்டுக்கொண்டிருந்தோம். கணக்கில் தடுமாறினால், கோப்பை கைதவறினால், அது எல்லாப் பிள்ளைகளுக்கும் உள்ளதுதானா என்று கேட்க எங்களுக்கு இன்னொரு பிள்ளை இல்லை. "ஏதும் இருக்குமோ மச்சாள்?" என்று எப்போதாவது என் வாயிலிருந்து வந்துவிடும். "தெரியாது," என்பார் உடனே. ஒருமுறைகூட என்னிடம் அதை மாற்றிச் சொல்லவில்லை. அதற்காக அவரை எத்தனை தடவை வெறுத்தேனோ அத்தனை தடவையும், அடுத்த முறை கேட்பதற்கு அவரிடமே போனேன்.

மாமாவுக்குக் கடைசிக் காலத்தில் நினைவு தளர்ந்தது. பேத்தி அருகில் வந்தால் அவளுடைய நெற்றியைத் தடவி, மச்சாள் இருக்கும் பக்கம் திரும்பி, "ஒண்டும் வராது, என்ன?" என்று கேட்பார். "வராது அப்பா," என்பார் மச்சாள், ஒவ்வொரு முறையும் முதல் முறைபோல. மாமா அந்த வாக்கியத்தோடு போய்ச் சேர்ந்தார். சில ஆண்டுகள் கழித்து, நோயென்று எங்களுக்கு அதிகம் சொல்லாமலே மச்சாளும் போனார். கடைசி நாட்களில் மருத்துவமனையில் அவருக்குத் தண்ணீர் பருகக் கொடுக்க நான் கழுவுதொட்டிக்குப் போனபோது, கட்டிலிலிருந்து, "கொஞ்சம் ஓடவிடும்," என்றார். ஓடவிட்டேன். அவர் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார்.

மகள் இப்போது வேறொரு நகரத்தில் படிக்கிறாள். நன்றாகப் பேசுகிறாள், மூன்று மொழியிலும், நிறுத்தாமல். அவளில் எது அவளுடைய சுபாவம், எது அந்தக் குளிர்காலம் விட்டுப்போனது என்பதை அளக்கும் போத்தல் எதுவும் இல்லை. விடுமுறைக்கு வந்தால், கிளாஸை எடுத்துக்கொண்டு போய்ச் சமையலறைக் குழாயைத் திறந்துவிட்டு, மச்சாளைப்போலவே கைகட்டி நிற்கிறாள். செம்புக் குழாய்க்கு அது தேவையில்லை என்று நான் சொல்வதில்லை.

கீழ் அறையில் பலகையை நாங்கள் திரும்ப அடிக்கவில்லை. சன்னலைப் பனி மூடுகிறது, திறக்கிறது. மேலே என் கணவரும் நானும் இருக்கிறோம்.